பாலக்கோட்டில் ஒரு வில்யாழ், சங்கப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு

கேள்வி, 14 மே 2023

யாழ் என்பதெல்லாம் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கிற பொருள். பலா மரமும் பரம்பரை ஆசாரியும் இல்லாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யாராவது செய்திருக்கிறீர்களா? சுவரில் மாட்டுகிற பொம்மையைக் கேட்கவில்லை. வாசித்தால் சத்தம் வர வேண்டும்.

14 மே, இரவு

செய்துகொண்டுதான் இருக்கிறேன். சத்தம் இன்னும் வரவில்லை, அதனால் என்னிடம் பாதி பதில்தான் இருக்கிறது. பாலக்கோட்டில் மோட்டார் காயில் கட்டுகிறவன் நான். கோடையில் எரிந்துபோன போர்வெல் மோட்டார் வரிசையில் நிற்கும், மழை வந்துவிட்டால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். போன மழையில் ஈ ஓட்டிய நேரத்தில் ஆரம்பித்தது இது.

வரைபடம் கிடையாது. கையில் இருப்பது பொருநராற்றுப்படையில் யாழைச் சொல்கிற சுமார் இருபது வரி. கரிகாலன் மேல் பாடியது, தகடூரை, அதாவது நம் தருமபுரியை ஆண்ட அதியமானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஊர்ப்பெருமைக்கு இடமில்லை. யாழின் ஒவ்வோர் உறுப்புக்கும் அதில் ஓர் உவமை இருக்கிறது, ஓர் அளவுகூட இல்லை. பத்தர், அதாவது குடைந்த அடிப்பெட்டி, குளம்பு பதிந்த தடம் மாதிரி, நடுவில் எழும்பி இரண்டு பக்கமும் சரிந்து. மேலே போர்த்திய தோல் விளக்குச் சுடரின் நிறம். ஆணி வளையில் இருக்கிற நண்டின் கண். வாய் எட்டாம் நாள் பிறை, அதுவும் உண்ணாக்கு இல்லாத வாய். மேலே எழும் கோடு, அதாவது வளைந்த கழுத்துக் கொம்பு, தலைதூக்கிய பாம்பு. அதில் நரம்பைப் பிடிக்கக் கட்டிய கயிற்று வளையமான திவவு பெண்ணின் முன்கை வளையல். நரம்பு குற்றிய தினையரிசி.

முதல் தடவை படித்தபோது அலங்காரம் என்றுதான் நினைத்தேன்.

16 மே

மரம் என்ன என்று கேட்டிருந்தார் ஒருவர். பலா தஞ்சாவூர் வீணைக்கு. பெரும்பாணாற்றுப்படையில் மாடு மேய்க்கிறவன் குமிழ மரத்தின் உள்துளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்துகொள்கிறான். குமிழ் நமக்குப் பஞ்சமா? குமிழ்த்தேக்கு என்று தோட்டத்து வரப்பெல்லாம் நட்டுவைத்திருக்கிறார்கள். தேக்கைவிட லேசு, உளிக்கு அடங்கும்.

இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு எப்படி வந்தது என்றால், முதல் பத்தரை மாமரத்தில் குடைந்தேன். காவேரிப்பட்டணம் பக்கம் காய்ப்பு நின்ற பழைய பெங்களூரா மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு துண்டு சும்மா கொடுத்தார்கள், சும்மா வந்தது என்பதால் யோசிக்காமல் பச்சையாகவே குடைந்துவிட்டேன். பதினொரு நாளில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வெடித்தது. மரம் வெட்டு முகத்தில்தான் வேகமாகக் காயும், நடுவுக்கு முன்னால் முனை சுருங்கும், சுருங்கினால் பிளக்கும். வெட்டு முகம் இரண்டிலும் மெழுகோ பெயிண்டோ பூசி, சுவரைக் கட்டைவிரல் கனத்துக்கு விட்டுக் குடைந்து, நிழலில் நாலைந்து மாதம் போட்டுவைத்து, பிறகுதான் கடைசிக் குடைச்சல். மாமரத்தில் இன்னொரு தொல்லை: வெடித்த துண்டை மூலையில் வைத்தேன், இப்போது அதிலிருந்து மாவு கொட்டுகிறது. வண்டு.

குமிழ்ப் பத்தர் 55 செ.மீ. நீளம், 18 அகலம், 12 ஆழம், சுவர் 8 மி.மீ. வாய்ச்சியும் வளைந்த உளியும்தான். கிரைண்டர் வைத்தும் பார்த்தேன், ஒரே நிமிடத்தில் சுவர் 5 மி.மீ. ஆகிவிட்டது அந்த இடத்தில். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

29 மே

தலைப்பில் வில்யாழ் என்று போட்டது தப்பு என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். சரிதான். வில்யாழ் அந்த இடையன் கையில் இருந்தது, வில்லும் நாருமாக. நான் செய்வது பத்தரும் தோலும் கோடும் உள்ளது, ஏழு நரம்பு, சீறியாழ் என்றால் கொஞ்சம் பொருந்தும். பேரியாழுக்கு இருபத்தொரு நரம்பு, அது என் ஆயுசில் நடக்காது. தலைப்பை மாற்றவில்லை, பழகிவிட்டது.

20 ஜூன்

கோடு முறிந்தது.

21 ஜூன்

நேற்று எழுதப் பிடிக்கவில்லை. நடந்தது இது. நேரான குமிழ்ப் பலகையில் பாம்பு வளைவை வரைந்து, ரம்பத்தால் அறுத்து, இழைத்து, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நான்காவது நரம்பை இழுக்கும்போது வளைவு தொடங்கும் இடத்தில் பிஸ்கட் மாதிரி உடைந்தது. உடைந்த முகத்தைப் பார்த்தால் விஷயம் புரியும்: மரத்தின் நார் நேராக ஓடுகிறது, நான் வெட்டியது வளைவாக, ஆகவே வளைவில் நார் குறுக்கே வெட்டுப்பட்டு ஒரு விரல் நீளத்துக்குத்தான் பிடிமானம். வளைந்த உறுப்புக்கு மரம் வளைந்தே வளர்ந்திருக்க வேண்டும். ஏர்க்கலப்பை செய்த ஆசாரிகளுக்கு இது தெரியாதா, வளைந்த கிளையைத் தேடித்தானே அலைந்தார்கள். பர்மாக்காரர்களின் சவுங் என்கிற யாழ் இன்றைக்கும் வாசிப்பில் இருக்கிறது, அதே படகுப் பத்தர், மான் தோல், வளைந்த கழுத்து. அந்தக் கழுத்துக்கு இயல்பாக வளைந்த வேரைத்தான் தேடி எடுப்பார்கள்.

இதற்குப் பிறகுதான் ‘பாம்பு’ என்ற சொல்லை இன்னொரு தரம் யோசித்தேன். பாம்பை யாரும் பலகையில் அறுப்பதில்லை.

2 ஜூலை

கோடு கிடைத்தது. சாலையை அகலப்படுத்த வெட்டிப் போட்டிருந்த புளியமரத்தில் ஒரு கிளை, தலைதூக்கின நாகம் மாதிரி ஒரே சீரான வளைவு, தூக்கிக்கொண்டு டிவிஎஸ்ஸில் வரும்போது எல்லோரும் விறகுக்கு என்று நினைத்தார்கள். புளி கனம் அதிகம், உளி அடிக்கடி மொட்டையாகிறது. பரவாயில்லை.

ஒருவர் மூங்கிலைப் போடலாமே என்றார். ஒகேனக்கல்லில் பரிசல் கட்டுகிறவர்கள் மூங்கிலைக் கிழித்து வளைப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் போலிருக்கிறது. மூங்கில் வளையும், ஆனால் வளைந்துகொண்டே இருக்கும். நரம்பு இழுக்க இழுக்கப் பின்னால் வராமல் நிற்கிற மரம் வேண்டும். பரிசலை நான் பார்க்கப் போனது வேறொன்றுக்காக, இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் பூசுகிறார்கள், முன்பு தோல் போர்த்தினார்களே அதை எப்படி இழுத்தார்கள் என்று கேட்க. கேட்டவருக்கும் தெரியவில்லை, அவர் தாத்தாவுக்குத் தெரியுமாம்.

23 ஜூலை

நரம்புக் கணக்கு. நம்பர் பிடிக்காதவர்கள் இதைத் தாண்டிவிடலாம்.

ஒரே கனம், ஒரே இழுவை என்றால் நீளம்தான் சுரம். பாதி நீளம் என்றால் மேல் ச. பெரிய நரம்பு 60 செ.மீ. என்று வைத்தால் சங்கராபரணத்துக்கு ச 60, ரி 53.3, க 48, ம 45, ப 40, த 36, நி 32. பழைய பெயரில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். குரல் எந்தச் சுரம் என்கிற பஞ்சாயத்துக்குள் நான் வரவில்லை, விபுலாநந்தர் 1947இல் வெளியிட்ட யாழ் நூலில் அலகுக் கணக்கைப் படித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

நரம்புக்கு 0.9 மி.மீ. தங்கூஸ், தூண்டிலுக்குப் போடுவதுதான். 60 செ.மீ. நீளத்தில் ஒரு கட்டைச் சுருதி, அதாவது சுமார் 130 ஹெர்ட்ஸ் வர, இழுவை கணக்குப்படி 1.8 கிலோ. ஏழும் சேர்ந்தால் பன்னிரண்டரை கிலோ. அரைச் சிப்பம் அரிசியை ராத்திரி பகலாக அந்தக் கோடு தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஜூன் 20 ஏன் நடந்தது என்று இப்போது புரியும்.

24 ஜூலை

தங்கூஸ் போட்டதற்குத் திட்டு விழுந்தது. ஒப்புக்கொள்கிறேன். மரல் நாரும் முயன்றேன், அதைச் சொல்லாமல் விட்டது வெட்கத்தால். மரல் என்றால் கற்றாழை இனம் என்று எங்கோ படித்து, ரயில் பாதை ஓரம் நிற்கிற ஆனைக்கற்றாழையை வெட்டி வந்து மடலைச் சீவினேன். சாறு பட்ட இடமெல்லாம் அரிப்பு, முழங்கை வரை. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. “ஏங்க, யாழ் செய்யறீங்களா, சொறி புடிக்க வெக்கறீங்களா?” என்று வீட்டில் கேட்டதற்குப் பதில் இல்லை.

9 ஆகஸ்ட்

ஆடி மாதம் தோலுக்கு நல்ல மாதம். ஊருக்கு ஊர் அம்மனுக்குக் கிடா வெட்டு, நல்ல வெள்ளாட்டுத் தோல் நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைத்தது. சுண்ணாம்புத் தண்ணீரில் நான்கு நாள் ஊற வைத்தால் மயிர் விரலோடு வரும். பிறகு மொட்டைக் கத்தியால் உள்பக்கச் சவ்வைச் சுரண்டி, திரும்பத் திரும்ப நல்ல தண்ணீரில் அலச வேண்டும், சுண்ணாம்பு மிச்சம் நின்றால் தோல் நொறுங்கும். நாற்றத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பப்பட்டேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

10 ஆகஸ்ட்

தோல் கட்டத் தெரியாமல் ஒரு தோலைக் கிழித்த பிறகு, பம்பை கட்டுகிற பெரியவர் ஒருவரிடம் போனேன். திண்ணையில் உட்கார்ந்து பத்தரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது என்ன தம்பி, தொட்டியா?” யாழ் என்றேன். “சரி, எதுவா இருந்தா என்ன, தோலு தோலுதான். ஈரத்துல முழு இழுப்பு இழுக்காத. நீ பாதி இழு, காயறப்ப மீதிய அதுவே இழுத்துக்கும்.” இவ்வளவுதான். இதற்கு ஒரு தோலும் ஒன்றரை வாரமும் செலவழித்திருந்தேன்.

ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. பறைக்குத் தோல் ஒட்டுவதும் அதில்தான். கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் கஞ்சி மாதிரி வரும், காய்ந்தால் கல். கோடும் புளி, பசையும் புளி. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் புளி கொட்டிக் கிடக்கிறது, இதற்காவது ஆகட்டும்.

27 ஆகஸ்ட்

நண்டு.

தோல் விளிம்பில் முதலில் இரும்பு ஆணி அடித்தேன். ஈரத்தோலில் மறுநாளே துருக் கறை, ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் கருவளையம். பிடுங்கினேன். பிடுங்கிய ஓட்டைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பாட்டில் ஆணி எதற்கு என்றால் துளையின் வாயைத் தூர்ப்பதற்கு. வயலில் தண்ணீர் பாய்ச்சின அன்று வரப்பு வளையில் நண்டைப் பார்க்கப் போனேன், மகளையும் கூட்டிக்கொண்டு. (இங்கே சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், பக்கத்து வயல்காரர் ஏற்கனவே சிரித்துவிட்டார்.) நண்டின் கண் தட்டையாக இல்லை. ஒரு காம்பின் மேல் உருண்டையாக நிற்கிறது, தொட்டால் காம்போடு குழிக்குள் மடங்கி இறுக்கமாக உட்கார்ந்துகொள்கிறது. காம்பு, உருண்டைத் தலை, குழிக்கு அளவெடுத்த பிடிப்பு. மூங்கிலில் அப்படியே சீவினேன்: கீழே கூம்பிய காம்பு, மேலே உருண்டைத் தலை, மிளகு அளவு. கூம்பு என்பதால் அடிக்க அடிக்க இறுகுகிறது, உருண்டை என்பதால் தோலைக் கிழிப்பதில்லை. முப்பத்திரண்டு போட்டேன், இன்றுவரை ஒன்று கழன்றதில்லை.

அலங்காரம் என்று மே மாதம் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். சொன்னவருக்கு வேலை தெரிந்திருக்கிறது, அல்லது வேலை தெரிந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

3 செப்டம்பர்

விளக்குச் சுடர் நிறம் என்ன செய்தும் வரவில்லை. என் தோல் பழைய செய்தித்தாள் நிறம். மஞ்சள் பூசலாமா என்று ஒருவர் கேட்டார். பூசினால் அது விளக்கு நிறம் இல்லை, கல்யாண நிறம். அப்புறம் ஒரு நாள் கரண்ட் போய், யாழுக்குப் பின்னால் மெழுகுவத்தி வைத்தபோது தோல் வெளிச்சத்தை உள்ளே விட்டு நிஜமாகவே சுடர் நிறமாக நின்றது. அதைத்தான் சொன்னாரா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நன்றாகச் சுரண்டிய மெல்லிய தோல்தான் அப்படி ஒளிரும், அது மட்டும் நிச்சயம். பின்பக்கம் சரியாகச் சுரண்டாமல் விட்ட ஓர் இடம் மேகம் மாதிரி கருப்பாகத் தெரிந்தது. சுரண்டியது போதுமா என்று பார்க்க இனி விளக்கு வைத்துத்தான் பார்ப்பேன்.

30 செப்டம்பர்

திவவு. வீணைக்குப் பிரடை இருக்கிறது, திருகினால் நரம்பு இறுகும். இதற்குப் பிரடை கிடையாது. கோட்டைச் சுற்றி வளையல் வளையலாகக் கயிறு கட்டி, அதில் நரம்பை முடிந்து, வளையலையே திருகியோ மேலே கீழே தள்ளியோ சுருதி கூட்ட வேண்டும். சவுங்கிலும் கயிறுதான். இந்த ஒரு வேலையில் மட்டும் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, ஸ்டேட்டரில் காயில் தலையைப் பருத்தி நூலால் இறுக்கிக் கட்டுகிற அதே கட்டு, இருபது வருடமாகப் போடுகிறேன்.

போட்டேன். வழுக்கியது. கோட்டை ஆசையாக இழைத்து எண்ணெய் தேய்த்து மினுக்கியிருந்தேன் அல்லவா, வளையல் நரம்போடு சேர்ந்து கீழே இறங்கி வந்தது. எண்ணெயைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சாக்பீஸ் பொடி தடவிய பிறகு நின்றது. கட்டுகிற இடத்தை யாரும் மினுக்காதீர்கள்.

1 அக்டோபர்

சத்தம் வந்தது.

வீணை மாதிரி நீளமாக நிற்காது, தட்டினால் தண்ணீரில் கல் போட்ட மாதிரி ‘தொம்’ என்று வந்து அடங்கும். கீழ் இரண்டு நரம்பு நன்றாக இருக்கிறது. மேல் இரண்டு, மரியாதையாகச் சொன்னால், தகரம். கிரைண்டர் கடித்த பக்கம்தான் காரணம் என்று நேற்றுவரை நினைத்தேன், இல்லை, மெல்லிய தங்கூஸ் 0.6 போட்டதும் பாதி சரியாகிவிட்டது.

ஜூலை 23 கணக்கைத் திருத்துகிறேன். எல்லா நரம்புக்கும் ஒரே இழுவை என்று எழுதியிருந்தேன், காகிதத்தில்தான் அது. இந்த யாழுக்கு முன்னால் தாங்கு தூண் கிடையாது. ஏழாவது நரம்பை இறுக்கினால் கோடு மயிரளவு முன்னால் சாய்கிறது, முதல் நரம்பு இறங்குகிறது. முதலாவதைச் சரிசெய்தால் ஏழாவது. மூன்று சுற்று வர வேண்டும். ஏழும் இறுகிய பிறகு கோட்டின் நுனி 9 மி.மீ. முன்னால் வந்திருந்தது, கடைச் சுவரில் பென்சில் கோடு போட்டுப் பார்த்தேன். பத்தாததற்குத் தங்கூஸ் ஒரு வாரம் வரை நீண்டுகொண்டே இருக்கும்.

மகள் நாலாம் வகுப்பு. உட்கார்ந்து ஏழு நரம்பையும் ஒரே இழுப்பாக இழுத்து, “அப்பா, சுருதி சேரல” என்றாள். அதியமானிடம் ஔவையார் சொன்னது ஞாபகம் வந்தது: குழந்தை மழலை யாழோடு ஒத்துப்போகாது, காலத்தோடும் சேராது, பொருளும் புரியாது, இருந்தாலும் பெற்றவனுக்கு இனிக்கும், என் பேச்சும் உனக்கு அப்படித்தான் என்று. தகடூரில் நின்று பாடியவர். இங்கே தலைகீழாக, யாழ்தான் மழலை பேசுகிறது, குழந்தை குற்றம் கண்டுபிடிக்கிறது. முதலில் ஊர்ப்பெருமைக்கு இடமில்லை என்று எழுதினேன், இடம் கிடைத்துவிட்டது.

19 நவம்பர்

மழை. தோல் தொய்ந்து, சுருதி ஒரு கட்டைக்கும் கீழே போய்விட்டது. பம்பைக்காரர்கள் தீமூட்டிக் காட்டுவார்கள், நான் அறுபது வாட் குண்டு பல்பை அரை மணி நேரம் பக்கத்தில் வைக்கிறேன். மோட்டார் வார்னிஷ் பூசினால் ஈரம் ஏறாதே என்று ஒருவர். ஏறாது, சத்தமும் வராது. ஒரு துண்டுத் தோலில் பூசிப் பார்த்தேன், தட்டினால் அட்டைப் பெட்டி.

யாழ் ஏன் போயிற்று, வீணை ஏன் நின்றது என்று நீளமாக ஒருவர் எழுதியிருந்தார், அரசியல் எல்லாம் கொண்டுவந்து. இந்த மழையில் உட்கார்ந்து சுருதி கூட்டுகிறவனாக என் கட்சி இது: ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். வீணையில் மெட்டின் மேல் நரம்பை இழுத்துக் கமகம் கொடுக்கலாம், ஒரே நரம்பில் இரண்டு மூன்று சுரத்தைத் தொட்டு அசைக்கலாம். இதில் முடியாது. பாட்டு அசையத் தொடங்கிய பிறகு அசையாத கருவி பின்தங்கியிருக்கும். தப்பாகவும் இருக்கலாம்.

16 ஜனவரி 2024

மரல் பற்றி ஒருவர் திருத்தினார், அவருக்கு நன்றி. அது மருள், ஆனைக்கற்றாழை இல்லை. வேலி அடியில், பாறை இடுக்கில், பாம்புத் தோல் மாதிரி வரி போட்ட தடித்த இலை. பென்னாகரம் போகிற வழியில் வேண்டிய மட்டும் இருக்கிறது, இத்தனை வருடமும் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறேன். பொங்கல் லீவில் இலையைத் தட்டி, மொட்டைக் கத்தியால் சீவினேன், அரிக்கவில்லை. வெள்ளை வெளேர் என்று நார். மூன்று புரி முறுக்கி ஒரே ஒரு நரம்பு கட்டினேன். இரண்டு இடத்தில் முடிச்சு மாதிரி தடித்துவிட்டது, அந்த இடத்தில் சத்தம் கரகர என்கிறது. குற்றிய தினை என்று ஏன் சொன்னார் என்பது அப்போது உறைத்தது. உமி போய்ச் சொரசொரப்பில்லாமல், ஒன்று போல் ஒன்று. வீட்டில் இருந்த தினையைக் கையில் போட்டு உருட்டிப் பார்த்தேன். அந்த மழமழப்பு என் முறுக்கில் இல்லை. நாரை இன்னும் மெல்லியதாகக் கிழிக்க வேண்டும்.

17 மார்ச்

வில்யாழ் பாட்டில் ஒரு வரி உண்டு, இடையன் குறிஞ்சிப்பண் வாசிக்கும்போது வண்டுகள் தங்கள் இனத்தின் குரல் என்று நினைத்து உற்றுக் கேட்குமாம். நேற்று மத்தியானம் திண்ணையில் வாசித்துக்கொண்டிருந்தேன், கருவண்டு ஒன்று ரீங்காரம் போட்டுக்கொண்டு வந்து யாழையே சுற்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பு சிலிர்த்துவிட்டது. வீட்டில் கூப்பிட்டுக் காட்டினேன்.

இன்று காலை பார்த்தால் பத்தரின் அடிமுனையில் சுண்டுவிரல் நுழைகிற மாதிரி வட்டமாக ஒரு ஓட்டை, கீழே மரத்தூள். பாட்டுக் கேட்க வரவில்லை, குமிழ் மரத்துக்கு வந்திருக்கிறது. வண்டை ஈர்க்குச்சியால் வெளியே விரட்டிவிட்டு, கொஞ்சம் பெரிதாக இன்னொரு நண்டுக்கண் சீவி அடித்தேன். முப்பத்து மூன்று.